உருளைக்கிழங்கு மக்காச்சோள சௌடர்: வீட்டில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் பாலும் சேர்த்துக் காய்ச்சும் கெட்டியான சூப்தான் சௌடர். மதுரையில் இதற்கு வேண்டிய எல்லாமே காலையில் சந்தைக்கு ஒரு நடை போனால் கிடைத்துவிடும். ஆனாலும் சமைக்கப் போகிறவர்கள் முதலில் தேடி அலைவது க்ரீம் பாக்கெட்டைத்தான். அது தேவையில்லை என்பதே நான் சொல்ல வருவது. இந்த சூப்பின் வழவழப்பு கிழங்கிலிருந்தும் கதிரிலிருந்தும் வர வேண்டும். அதை வரவழைக்கத் தெரிந்துவிட்டால் சாதாரண பாக்கெட் பாலே போதும்.

சௌடர் என்பது ஹோட்டலில் கிடைக்கும் ஸ்வீட் கார்ன் சூப்தானே?

இல்லை. ஹோட்டல் ஸ்வீட் கார்ன் சூப் சீன பாணியில் செய்வது. கார்ன்ஃப்ளார் கரைசலை ஊற்றிக் கெட்டியாக்குவார்கள், பால் சேராது, கரண்டியில் எடுத்தால் கண்ணாடித்தனமாக வழியும். சௌடர் அமெரிக்காவின் வடகிழக்குக் கடலோரத்தைச் சேர்ந்தது. நியூ இங்கிலாந்து என்று சொல்லும் அந்தப் பகுதியிலும் கனடாவின் அட்லாண்டிக் கரையிலும் மீனவக் குடும்பங்கள் மீனையோ சிப்பியையோ உப்புக்கண்டம் போட்ட பன்றிக் கொழுப்போடும் வெங்காயத்தோடும் ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, கப்பலில் கொண்டுபோகும் கடினமான பிஸ்கட்டை உடைத்துப் போட்டுக் கெட்டியாக்குவார்கள். உருளைக்கிழங்கும் பாலும் பின்னால் வந்து சேர்ந்தவை. மீனுக்குப் பதில் மக்காச்சோளம் போட்டது அதற்கும் அப்புறம். ஆக, இது பசியாற்றும் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கோப்பை குடித்துவிட்டு எழுந்திருக்கிற வகை இல்லை.

நான்கு பேருக்கு என்னென்ன, எவ்வளவு வேண்டும்?

உருளைக்கிழங்கு அரை கிலோ, ஸ்வீட் கார்ன் கதிர் இரண்டு, பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு நான்கு பல், வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, பால் 300 மில்லி, ஒரு பிரிஞ்சி இலை, வெங்காயத்தாள் நான்கைந்து, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு ஒரு தேக்கரண்டி, தேவையான உப்பு. தண்ணீர் 700 மில்லி. மைதா ஒரு மேசைக்கரண்டி கையருகே இருக்கட்டும், போடுவதா வேண்டாமா என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

பூண்டைப் பற்றி ஒன்று. கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் இரண்டு பல்லே போதும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பூண்டுக்கு வாசமும் காரமும் அதிகம், பால் சேரும் பண்டத்தில் சட்டென்று தூக்கலாகிவிடும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கதிரிலிருந்து மணிகளைச் சீவி எடுத்துவிட்டு, வெறும் கட்டையைத் தண்ணீரில் கொதிக்க வைத்துச் சாறு இறக்குங்கள். அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி வெங்காயம், பூண்டு, பிரிஞ்சி இலை, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி எல்லாவற்றையும் நிறம் மாறாமல் வதக்குங்கள். உருளைக்கிழங்குத் துண்டு, உப்பு, கட்டைச் சாறு சேர்த்து மூடிவைத்து வேகவிடுங்கள். கிழங்கு முக்கால் பதம் வெந்ததும் மணிகளைப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம். பிறகு பாதிக் கிழங்கை மத்தால் மசித்து, சூடான பாலை ஊற்றி, கொதி வரவிடாமல் ஐந்து நிமிடம் சிறு தீயில் வைத்து இறக்குங்கள். மிளகும் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் மேலே. மொத்தம் முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைத்தான் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

கதிரை எப்படிப் பார்த்து வாங்குவது?

தோகை பச்சையாக, இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். நுனியில் உள்ள பட்டு இழை பழுப்பு நிறத்தில் இருக்கலாம், ஆனால் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். காய்ந்து நொறுங்கினால் பறித்து நாளாகிவிட்டது. கடைக்காரர் ஒத்துக்கொண்டால் தோகையைக் கொஞ்சம் விலக்கி ஒரு மணியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பால் பீய்ச்ச வேண்டும். வெறும் தண்ணீர் வந்தால் பிஞ்சு. ஒன்றுமே வராமல் மாவாக அமுங்கினால் முற்றல்.

பறித்த நிமிடத்திலிருந்து கதிரில் உள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். முப்பது டிகிரி வெப்பத்தில் பழைய இனிப்பு ரகங்கள் ஒரே நாளில் சர்க்கரையில் பாதிக்கு மேல் இழந்துவிடும். இப்போது அதிகம் வரும் மிகை இனிப்பு ரகங்களில் இந்த மாற்றம் மெதுவாக நடக்கும், ஆனாலும் நடக்கும். மதுரை வெயிலில் முப்பது டிகிரி என்பது நல்ல நாள். அதனால் காலையில் வாங்கி அன்று மாலையே சமைத்துவிடுவது நல்லது. முடியாதென்றால் தோகையை உரிக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

உழவர் சந்தைக்குக் காலையில் போகச் சொல்வதும் இதனால்தான். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. பறித்தவரே கொண்டுவந்து விற்கும் இடத்தில் 'எப்பப் பறிச்சீங்க?' என்று கேட்டால் நேரான பதில் கிடைக்கும். மாட்டுத்தாவணி மொத்தச் சந்தையிலும் நல்ல கதிர் வரும், அங்கே பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கம் விளையும் சாதா மக்காச்சோளத்தில் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். பேரையூர், டி.கல்லுப்பட்டி, சேடப்பட்டி பக்கம் மானாவாரியில் போடுவது பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளம். முற்றிக் காய்ந்த மணி சூப்புக்கு உதவாது. ஆனால் பால் பிடிக்கும் பருவத்தில் ஒடித்த கதிர் அருமையாக இருக்கும். ஸ்வீட் கார்னை விட இனிப்பு குறைவு, மாவுச்சத்து அதிகம். அதனால் சூப் தானாகவே கெட்டியாகும், மைதாவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரே வித்தியாசம், மணி வேக இருபது நிமிடமாவது ஆகும். கிழங்கைப் போடும்போதே மணியையும் போட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் இந்தக் கதிரில் செய்த சௌடருக்குத்தான் ருசி ஒரு படி மேல். தெரிந்த தோட்டம் இருப்பவர்கள் அந்தப் பருவத்தைத் தவறவிடாதீர்கள்.

உறைந்த ஸ்வீட் கார்ன் பாக்கெட்டும் பரவாயில்லை. அது ஏற்கனவே வெந்நீரில் முக்கி எடுத்தது என்பதால் இரண்டு மூன்று நிமிடம் போதும். கட்டை கிடைக்காது என்பதுதான் குறை.

கட்டையைக் கொதிக்க வைப்பது அவ்வளவு முக்கியமா?

ஆமாம். இந்தப் பண்டத்தில் ஒரே ஒரு வேலையை மட்டும் தவறாமல் செய்யுங்கள் என்று சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்.

கதிரை ஒரு அகலமான தட்டில் நிறுத்திப் பிடித்து, மேலிருந்து கீழாகக் கத்தியால் சீவுங்கள். ரொம்ப ஆழமாக வெட்டினால் கட்டையின் நாரும் சேர்ந்து வந்து பல்லில் சிக்கும். மணியின் முக்கால் பாகம் வந்தால் போதும். இப்போது கத்தியைத் திருப்பி, அதன் முதுகால் கட்டையை அழுத்தி வழியுங்கள். மணி இருந்த குழிகளிலிருந்து வெள்ளையாக, கொழகொழவென்று ஒரு பால் இறங்கும். இரண்டு கதிருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி தேறும். அதில் ஒரு சொட்டைக்கூட வீணாக்காதீர்கள். சர்க்கரையும் மாவும் மணியின் முளைப்பகுதியும் அதில்தான் இருக்கிறது. சூப்பில் விழுந்ததும் அதுவே க்ரீமின் வேலையைச் செய்யும்.

பிறகு கட்டைகளை இரண்டாக ஒடித்து 700 மில்லி தண்ணீரில் போட்டு, மூடி, சிறு தீயில் இருபத்தைந்து நிமிடம் வையுங்கள். அரை லிட்டர் சாறு நிற்கும். வெளிறிய மஞ்சள் நிறம், இளம் இனிப்பு, மக்காச்சோளத்தின் முழு வாசம். வாசம் போதவில்லை என்று சூப் கட்டியோ அஜினோமோட்டோவோ போடுகிறவர்கள் இந்தச் சாற்றை ஒரு வாய் குடித்துப் பார்த்தால் அதைத் தேட மாட்டார்கள்.

எந்த உருளைக்கிழங்கு நல்லது?

மதுரைக் கடைகளில் மலைக் கிழங்கும் கிடைக்கும், வடக்கிலிருந்து வரும் கிழங்கும் கிடைக்கும். ஊட்டியிலிருந்தோ கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை பக்கத்திலிருந்தோ மண் ஒட்டியபடி வரும் புதுக்கிழங்குக்குத் தோல் மெல்லிசு. கட்டைவிரலால் தேய்த்தாலே உரியும். அது வெந்தாலும் உருக்குலையாது. தோல் தடித்த பழைய கிழங்கு சீக்கிரம் கரைந்து மாவாகும். சௌடருக்கு இரண்டு குணமும் வேண்டும்: பாதி துண்டாக நிற்க வேண்டும், பாதி கரைந்து சூப்பைக் கெட்டியாக்க வேண்டும். முடிந்தால் பாதிக்குப் பாதி கலந்து வாங்குங்கள். ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் பழைய கிழங்கை எடுத்துக்கொண்டு, துண்டைக் கொஞ்சம் பெரிதாக வெட்டுங்கள்.

குளிர்பதனக் கிடங்கில் நெடுநாள் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும், லேசாகத் தித்திக்கும். ஸ்வீட் கார்னோடு அது சேர்ந்தால் சூப் பாயசத்தின் பக்கம் சாய்ந்துவிடும். அப்படி அமைந்தால் மிளகைக் கூட்டுங்கள். பச்சை படிந்த கிழங்கையும் நிறைய முளைவிட்ட கிழங்கையும் வாங்கவே வேண்டாம். பச்சைப் பகுதியில் சோலனைன் என்ற நச்சுப்பொருள் சேரும், வேகவைத்தாலும் அது போகாது.

வெட்டிய துண்டுகளைத் தண்ணீரில் நெடுநேரம் ஊறவைக்காதீர்கள். வறுவலுக்கு ஊறவைப்பது மாவைக் கழுவி வெளியேற்ற. இங்கே அந்த மாவு நமக்கு வேண்டும்.

மிக்சியில் அரைத்தால் இன்னும் வழவழப்பாக வராதா?

வராது. உருளைக்கிழங்கை மிக்சியில் போட்டால் பிளேடின் வேகத்தில் அதன் செல்கள் எல்லாம் கிழிந்து, மாவுச்சத்து மொத்தமாக வெளியே வந்து, இழுபடும் பசையாகிவிடும். அதைத் திருத்த வழியே கிடையாது.

கீரை கடையும் மத்துதான் இதற்கு ஏற்ற கருவி. நம் வீடுகளில் எப்படியும் இருக்கும். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு ஓரமாகச் சாய்த்துக்கொண்டு, கடையாமல் அழுத்தி மட்டும் மசியுங்கள். பாதிக் கிழங்கு மசிந்ததும் நிறுத்துங்கள். கரண்டியை உள்ளே விட்டுத் தூக்கிப் பார்த்தால் மாலையில் தள்ளுவண்டியில் விற்கும் பருத்திப்பால் பதத்தில் இருக்க வேண்டும். அதைவிட நீர்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் மசிக்கலாம்.

மக்காச்சோளத்துக்கு இந்தக் கவலை இல்லை. ஒரு கைப்பிடி மணியைக் கொஞ்சம் பாலோடு மிக்சியில் அரைத்து ஊற்றினால் வழவழப்பு கூடும். தோல் நெருடுவது பிடிக்காதவர்கள் வடிகட்டிக்கொள்ளலாம்.

பால் ஊற்றியதும் திரிந்துவிடுகிறது. ஏன்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பெரும்பாலும் கீழே சொல்லும் நான்கில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, பால் பழையது. காலை பாக்கெட்டை மாலைவரை வெளியே வைத்திருந்தால் குடிக்கும்போது புளிப்பு தெரியாது. ஆனால் உள்ளே அமிலம் கூடத் தொடங்கியிருக்கும். உப்பும் சூடும் படும்போது அது காட்டிக்கொடுக்கும். பாலைத் தனியாகக் காய்ச்சிப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். திரிவதாக இருந்தால் அந்தப் பாத்திரத்திலேயே திரியும், சூப் தப்பிக்கும்.

இரண்டாவது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே கொதிக்கும் சூப்பில் ஊற்றுவது. பால் கைபொறுக்கும் சூட்டுக்கு மேல் இருக்க வேண்டும், சூப் கொதி அடங்கியிருக்க வேண்டும். ஒரு கரண்டி சூப்பைப் பாலில் விட்டுக் கலக்கி, பிறகு மொத்தத்தையும் சேர்ப்பது இன்னும் பத்திரம்.

மூன்றாவது, பால் ஊற்றிய பிறகு தளதளவென்று கொதிக்கவிடுவது. ஓரத்தில் சின்னக் குமிழ் தட்டினால் போதும், தீயைக் குறைத்துவிடுங்கள்.

நான்காவதைப் பலரும் எதிர்பார்க்க மாட்டார்கள்: இஞ்சி. பச்சை இஞ்சியில் பாலைத் திரிக்கும் ஒரு நொதி உண்டு. இஞ்சி பூண்டு விழுதை அரைவேக்காடாக வதக்கிவிட்டுப் பாலை ஊற்றினால் சந்தேகம் வேண்டாம், கட்டி தட்டும். கொதிக்க வைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். சௌடருக்கு இஞ்சி தேவையே இல்லை. போட்டே ஆக வேண்டும் என்றால் வெங்காயத்தோடு சேர்த்து நன்றாக வதக்கி, கிழங்கோடு கொதிக்கவிடுங்கள். தக்காளியும் எலுமிச்சையும் வேண்டாம். புளிப்பு வேண்டுபவர்கள் கிண்ணத்தில் ஊற்றிய பிறகு இரண்டு சொட்டு பிழிந்துகொள்ளட்டும்.

மசித்த கிழங்கின் மாவுச்சத்து பாலின் புரதம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும். அதனால்தான் மசித்துவிட்டுப் பால் ஊற்றச் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

எந்தப் பால்? க்ரீம் சேர்க்கவே கூடாதா?

பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். சமன்படுத்தப்பட்ட பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிலைப்படுத்தப்பட்ட பாலில் 4.5, நிறை கொழுப்புப் பாலில் 6. நடுவில் உள்ளது இதற்குச் சரியாக இருக்கும். 3 சதவீதப் பால்தான் வீட்டில் இருக்கிறது என்றால் அதை 450 மில்லி எடுத்து, அகலமான பாத்திரத்தில் 300 ஆகும்வரை சுண்டக் காய்ச்சி ஊற்றுங்கள். ஜிகர்தண்டாவுக்குப் பாலைச் சுண்டவிடும் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஜிகர்தண்டாப் பால் அளவுக்கு நிறம் மாறவிடாதீர்கள், சூப்புக்குத் திரட்டுப்பால் வாசம் வந்துவிடும்.

க்ரீம் கூடாது என்பதில்லை. இறக்கும் நேரத்தில் இரண்டு மேசைக்கரண்டி விட்டால் ருசிதான். 200 மில்லி பாக்கெட்டை முழுதாகக் கவிழ்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். கொழுப்பு நாக்கில் படிந்துவிட்டால் மக்காச்சோளத்தின் ருசி மேலே வராது. அப்புறம் கட்டைச் சாறு இறக்கியதற்கே பலன் இல்லாமல் போகும்.

மைதாவா, கார்ன்ஃப்ளாரா?

கிழங்கும் கதிரும் நன்றாக அமைந்தால் இரண்டும் வேண்டாம். போடுவதென்றால் என் ஓட்டு மைதாவுக்கு. வெங்காயம் வதங்கியதும் ஒரு மேசைக்கரண்டி தூவி, பச்சை வாடை போகும்வரை இரண்டு நிமிடம் கிளறி, சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் கட்டி விழும். கார்ன்ஃப்ளார் அவசரத்துக்கு உதவும். இறக்குவதற்கு முன் ஒரு தேக்கரண்டியைக் குளிர்ந்த பாலில் கரைத்து விடுங்கள். கடையில் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்: வெள்ளை வெளேரென்று, விரலிடுக்கில் தேய்த்தால் கிறீச்சென்று சத்தம் வரும் மாவுதான் அது. அதே அலமாரியில் இருக்கும் சோள மாவு ரொட்டிக்கானது, சூப்பில் போட்டால் மொரமொரவென்று தங்கும்.

மசாலா என்ன போடலாம்?

மிளகு. அது மட்டும் தாராளமாக. ஆட்டுக்கால் சூப் குடித்து வளர்ந்த நாக்குக்கு மிளகு இல்லாத சூப் சூப்பே இல்லை. சௌடரின் இனிப்புக்கும் அதுதான் சரியான எதிர்ப்பாட்டு. மஞ்சள் தூள், கரம் மசாலா, சீரகத்தூள் எதுவும் வேண்டாம். போட்டால் கெட்டுப்போகாது, ஆனால் அது குருமாவாகிவிடும்.

அமெரிக்க முறையில் தைம் என்ற மூலிகையைப் போடுவார்கள். நம் வீட்டுத் தொட்டியில் இருக்கும் ஓமவல்லியில் தைமுக்கு வாசம் தரும் அதே தைமால், கார்வக்ரால் எண்ணெய்கள் உண்டு. ஒரே ஒரு இலையைக் கிள்ளி வெண்ணெயில் வதக்கி, பால் ஊற்றுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். இரண்டு இலை போட்டால் சளி மருந்து வாசம் வந்துவிடும். கடுகு தாளிக்க வேண்டாம். கறிவேப்பிலையை வெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து மேலே நொறுக்கிப் போடலாம், அது நன்றாகவே இருக்கிறது.

அங்கே புகையூட்டிய பன்றிக்கறி (பேக்கன்) போட்டால் வரும் புகை வாசம் நம் சைவ சௌடரில் இருக்காது. அது வேண்டுமென்றால் இரண்டு கதிரில் ஒன்றைத் தணலில் சுட்டு, ஆங்காங்கே கருகியதும் மணியைச் சீவிச் சேருங்கள்.

எந்தப் பாத்திரத்தில் செய்வது? குக்கர் ஆகுமா?

அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் போதும். இரும்புச் சட்டி வேண்டாம், நிறம் கறுத்துவிடும். மண்சட்டியில் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு மானாமதுரைச் சட்டி பக்கத்திலேயே கிடைக்கிறது, அருமையாக வரும். மண்சட்டி சூட்டை விடாது என்பதால் பால் ஊற்றி இரண்டு நிமிடத்திலேயே அடுப்பை அணைத்துவிடுங்கள். மீதி வேக்காட்டைச் சட்டியே பார்த்துக்கொள்ளும்.

குக்கரில் கிழங்கையும் சாற்றையும் ஒரு விசில் விடலாம். பாலை உள்ளே ஊற்றி மூடாதீர்கள். பொங்கி வால்வை அடைத்துக்கொள்ளும்.

புரட்டாசி சனி, கிருத்திகைக்கு வெங்காயம் பூண்டு இல்லாமல் செய்யலாமா?

செய்யலாம். வெண்ணெயில் ஒரு சிட்டிகை பெருங்காயமும் பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ் ஒரு கைப்பிடியும் வதக்கிக்கொள்ளுங்கள். வெங்காயத்தாளும் வேண்டாம், மேலே கொத்தமல்லி போதும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு?

பன்னிரண்டு முந்திரியை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து நைசாக அரைத்து, 300 மில்லி கட்டைச் சாற்றில் கரைத்து ஊற்றுங்கள். இதற்காகக் கட்டையைக் கொதிக்க வைக்கும்போதே தண்ணீரைக் கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வெண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெய். தேங்காய்ப்பாலும் ஊற்றலாம், ஆனால் அதன் வாசம் மற்றதையெல்லாம் மூடிவிடும், சொதியின் பக்கம் போய்விடும். எனக்கு முந்திரிதான் பிடித்தம்.

கறி, மீன் சேர்க்கலாமா?

வேகவைத்து உதிர்த்த கோழி நன்றாகப் பொருந்தும். கோழி வெந்த தண்ணீரைக் கட்டைச் சாற்றோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். இறால் என்றால் மணிகளைப் போட்ட மூன்றாவது நிமிடத்தில் சேர்த்தால் போதும், அதிகம் வெந்தால் இறுகிவிடும். முள் நிறைந்த மீன் வேண்டாம்.

இனிப்பு தூக்கலாகிவிட்டது, அல்லது அடிப்பிடித்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

இனிப்புக்கு உப்பும் மிளகும் கொஞ்சம் கூட்டி, ஒரு கீறிய பச்சை மிளகாயை ஐந்து நிமிடம் மிதக்கவிட்டு எடுங்கள். உப்பு கூடிவிட்டால் தண்ணீர் விடாமல், தனியே வேகவைத்து மசித்த ஒரு கிழங்கையும் கொஞ்சம் பாலையும் சேர்த்துப் பெருக்குங்கள். அடிப்பிடித்தால் சுரண்டவே கூடாது. கிளறாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு ருசி பாருங்கள். தீய்ந்த வாசம் ஏறியிருந்தால் எந்த வைத்தியமும் கேட்காது.

கூட என்ன வைத்துச் சாப்பிடுவது?

உப்பு பிஸ்கட். பழைய முறையும் அதுதான், பிஸ்கட்டை நொறுக்கி மேலே தூவிச் சாப்பிடுவது. இனிப்பில்லாத வருக்கி இன்னும் விசேஷம். வெண்ணெய் தடவிச் சுட்ட பிரெட்டும் சரி. பன் பரோட்டாவோடு ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் எண்ணெய் அதிகம் என்பதால் எனக்குச் சரிப்படவில்லை. பரோட்டாவுக்குச் சால்னா இருக்கிறது, அதை அதற்கே விட்டுவிடலாம்.

சர்க்கரை நோயாளிகளும் சின்னக் குழந்தைகளும் சாப்பிடலாமா?

உருளைக்கிழங்கில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 17 கிராமும் ஸ்வீட் கார்னில் 19 கிராமும் மாவுச்சத்து வகை இருக்கிறது. அதனால் சர்க்கரை உள்ளவர்கள் இதைச் சோற்றுக்கோ சப்பாத்திக்கோ பதிலாகத்தான் எடுக்க வேண்டும், அதோடு சேர்த்து இல்லை. கிழங்கைப் பாதியாக்கிக் காலிஃபிளவர் சேர்த்தால் பாரம் குறையும். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மென்று தின்னப் பழகாத குழந்தைக்கு முழு மணி தொண்டையில் சிக்கும். அவர்களுக்கு எடுப்பதை நன்றாக மசித்து வடிகட்டிக் கொடுங்கள். மிளகு போடும் முன்பே தனியாக எடுத்துவிடலாம்.

மீந்ததை எப்படி வைப்பது?

வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். பாலும் கிழங்கும் சேர்ந்தது சீக்கிரம் கெடும். அகலமான பாத்திரத்துக்கு மாற்றிச் சூட்டைத் தணித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மறுநாள் எடுத்தால் இறுகிக் களியாக நிற்கும், பயப்பட வேண்டாம், மாவுச்சத்தின் குணம் அது. கொஞ்சம் வெந்நீரோ பாலோ விட்டுச் சிறு தீயில் சூடாக்கினால் இளகிவிடும். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். கிழங்கு பொருபொருவென்றாகி, பாலும் பிரிந்துவிடும். கட்டைச் சாற்றை மட்டும் டப்பாவில் ஊற்றி உறைய வைக்கலாம். அது இருந்தால் அடுத்த முறை அரை மணியில் வேலை முடிந்துவிடும்.

வீட்டு விசேஷத்துக்கு இருபது பேருக்குச் செய்யப் போகிறோம். அப்படியே ஐந்தால் பெருக்கலாமா?

கிழங்கு இரண்டரை கிலோ, கதிர் பத்து, பால் ஒன்றரை லிட்டர் என்பது சரி. தண்ணீரைப் பெருக்காதீர்கள். பெரிய பாத்திரத்தில் ஆவியாவது குறைவு, கட்டைக்கு மூன்று லிட்டர் போதும். உப்பையும் நான்கு பங்கு போட்டுவிட்டு ருசி பார்த்துக் கூட்டுங்கள். மத்து உள்ளே எட்டாது என்பதால் வெந்த கிழங்கில் பாதியைத் தனியே அள்ளி மசித்துத் திரும்பச் சேருங்கள்.

மொத்தத்திலும் ஒரேயடியாகப் பாலை ஊற்றி அடுப்பிலேயே வைத்திருந்தால் கடைசிப் பந்திக்குள் அடிப்பிடித்துவிடும். கிழங்கும் கதிரும் வெந்த குழம்பைத் தனியாகவும் காய்ச்சிய பாலைத் தனியாகவும் சூட்டோடு வைத்துக்கொண்டு, ஐந்தாறு பேர் உட்கார உட்கார அந்தந்த அளவுக்கு மட்டும் சிறிய பாத்திரத்தில் கலந்து பரிமாறுங்கள்.